வேலை முடிஞ்ச பேப்பர்

1. கன்னம்

போடியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நான் வரைந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு முதலாளி கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி, இது சோறு திங்காத பிள்ளையா?"

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பிரஸ்ஸில் பெரும்பாலும் ஏலக்காய் லேபிள்தான் அடிப்போம். கூடவே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். முதலாளி ஜெபமணி, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகப் பிரஸ்ஸுக்கு வந்து, முந்தின நாள் ஓடிய வேலையைத் திட்டுவார். நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அன்று எனக்குக் கொடுத்த வேலை ஒரு லேபிள். ஒரு குழந்தை ஏலக்காய்க் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். எங்கள் ஊரான கோம்பையில் நான் பார்த்த பிள்ளைகளைப் போலவே வரைந்திருந்தேன். ஒட்டிய கன்னம், எண்ணெய் காணாத தலை.

"இந்தா பாரு தம்பி, வடக்க இருக்கிற சேட்டு இதப் பாத்துத்தேன் டப்பாவக் கையில எடுப்பாக. கன்னம் உப்பலா இருக்கணும். கண்ணு பெருசா இருக்கணும். அழுகிற பிள்ளை, தூங்குற பிள்ளை, மூக்கு ஒழுகுற பிள்ளை இதெல்லாம் லேபிளுக்கு ஆகாது" என்றார் முதலாளி.

மிஷின்மேன் காசிமாயன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதையே வேறு மாதிரி சொன்னார். மதுரைக்கு அனுப்பி உலோகத்தில் அச்சு பிளாக் செய்யக் கட்டுப்படியாகாது என்பதால், எங்கள் பிரஸ்ஸில் படங்களை ரப்பர் மாதிரி வளைகிற லினோ ஷீட்டில் கத்தியால் வெட்டித்தான் அச்சடிப்போம். "லினோவுல மெல்லிசுக் கோடு நிக்காது தம்பி. நசுங்கிப் போகும். கன்னத்த வட்டமா வெட்டு. கண்ணுக்கு ரெண்டு புள்ளி, வாய்க்கு ஒரு வளைவு. சோலி முடிஞ்சது."

அப்படியே வெட்டினேன். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டே அந்த முகத்தைப் போடுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. பிரஸ்ஸில் அதற்கு லேபிள் முகம் என்று பெயர். அன்றைக்கு அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

2. மூட்டையோடு போனவன்

நான் நிறைய ஊர் சுற்றிய எழுத்தாளன் என்று பள்ளிக்கூடங்களில் அறிமுகம் செய்கிறார்கள். ஏலக்காய் மூட்டை போன இடமெல்லாம் நானும் போனேன், அவ்வளவுதான். போடி வியாபாரிகள் பம்பாய்க்கும் கான்பூருக்கும் கல்கத்தாவுக்கும் சரக்கோடு போகும்போது, லேபிள் மாதிரிகளைக் காட்ட என்னையும் கூட்டிப் போவார்கள். சேட்டு பச்சை வேண்டாம் சிவப்பு வேண்டும் என்பார், யானை வேண்டாம் மயில் வேண்டும் என்பார். நான் அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மீதி நேரம் எனக்கு வேலை இல்லை. பாஷை தெரியாத ஊரில் எங்கே போய் உட்காருவது? கடைத்தெருவில் உட்கார்ந்து படம் போடுவேன். முழித்திருக்கிற மனிதர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். தூங்குகிற பிள்ளைகள்தான் அசையாமல் இருக்கும். அதனால் அவர்களை வரைய ஆரம்பித்தேன். இதில் பெரிய கலைநோக்கம் எதுவும் கிடையாது.

பங்குனி சித்திரையில் ஏலக்காய் வரத்து குறைந்து மிஷின் சும்மா நிற்கும். லேபிள் வெட்டியது போக மிஞ்சிய துண்டுப் பேப்பரில் பிள்ளைகளுக்குச் சின்னப் புத்தகம் போடலாமா என்று ஒரு வருஷம் முதலாளியிடம் கேட்டேன். "போடு. நின்ன மிஷின் துருப்பிடிக்கும்" என்றார். அப்படித்தான் நான் குழந்தை எழுத்தாளன் ஆனேன். கதையும் நானே, படமும் நானே. விற்பதும் பெரும்பாலும் நானே. வீரபாண்டித் திருவிழாவில் விற்போம். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் விற்போம். சனீஸ்வரனைக் கும்பிட்டு வருகிறவர்கள் பிள்ளை அழுதால் வாங்கிக் கொடுப்பார்கள், அழாவிட்டால் வாங்க மாட்டார்கள். அழுகிற பிள்ளைகளை நம்பித்தான் எங்கள் பதிப்பகம் நடந்தது.

எனக்கும் என் மனைவி பவளத்துக்கும் ஒரே பிள்ளை, வேணி. ஒருமுறை நான் கான்பூரிலிருந்து திரும்பியபோது மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அங்கன உள்ள பிள்ளைக எங்கன படுக்கும்ப்பா?"

"அதுகளும் நம்மளப் போலத்தேன் படுக்கும் ஆத்தா."

"பாயிலயா?"

பையைத் திறந்து படங்களைக் காட்டினேன். கான்பூர்ச் சந்தில் கயிற்றுக் கட்டிலில் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பையன். பம்பாய் ரயில் நிலையத்தில் சாமான் வண்டி மேல் தூங்கும் போர்ட்டர் மகள். கல்கத்தாவில் அப்பாவின் கைரிக்ஷாவுக்குள்ளேயே சுருண்டிருக்கும் ஒருவன். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில், அம்மா காய் எடுக்கும்போது மரத்தில் கட்டிய சாக்குத் தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் எங்கப்பா?" என்றாள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் 'ஊரெல்லாம் தூக்கம்' என்ற புத்தகம் வந்தது. ஊர் ஊராகத் தூங்கும் பிள்ளைகள், கடைசிப் பக்கத்தில் போடியில் தூங்கும் வேணி. தூங்குகிற பிள்ளை லேபிளுக்குத்தானே ஆகாது, புத்தகத்துக்கு ஆகும் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன்.

3. கடைசிப் பக்கம்

முதலாளியைச் சம்மதிக்க வைத்தது சுலபம். பவளம்தான் மறுத்துவிட்டாள்.

அவள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். வேணிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. தேனியில் ஸ்டுடியோ வாசல் வரை நான் தூக்கிக்கொண்டு போய், பவளம் கண்ணில் தண்ணீர் வைத்ததைப் பார்த்துத் திரும்பி வந்தது உண்டு. அந்த நம்பிக்கையை நான் நன்றாகக் கேலி செய்திருக்கிறேன்.

"போட்டோதானே ஆகாது? இது கையால போடுற படம்" என்றேன்.

"ஏங்க, கண்ண மூடுன மாதிரியா பிள்ளையப் போடுவாக?"

"தூங்குனா கண்ணு மூடித்தானே இருக்கும்?"

"தூங்குறத ஏன் போடணும்கிறேன். அவ முழிச்சுத் திரியிறது உங்களுக்குப் பத்தலையா?"

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே வந்து, "போடுறதுன்னா பொட்டோட போடுங்க" என்றாள். திருஷ்டிப் பொட்டைச் சொன்னாள். வேணிக்கு ஒரு கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. இன்னொரு கன்னத்தில் பவளம் தினமும் மையால் பொட்டு வைப்பாள். குளிப்பாட்டியதும் முதல் வேலை அதுதான்.

ஒரு மத்தியானம், பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தவளை வரைந்தேன். பம்பாயில் வாங்கிய தடித்த கார்ட்ரிட்ஜ் பேப்பர். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. மச்சம், பொட்டு, கால் கொலுசு எல்லாம் போட்டேன். அது நான் போட்டதிலேயே நல்ல படம். அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பவளம் எட்டி நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து பார்த்தாள். "இது அவதேன்" என்றாள். என் வேலையைப் பற்றி அவள் சொன்ன ஒரே பாராட்டு அது.

லினோ வேலை தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லினோவில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் அச்சில் நேராக விழும். படத்தை டிரேசிங் பேப்பரில் எடுத்து, அதைக் குப்புறப் போட்டுத் தேய்த்து, அந்தக் கோட்டின் மேல் கத்தி போக வேண்டும். வேணியின் முகத்தை அப்படித் திருப்பிப் போட்டுக்கொண்டு பல நாள் குனிந்து வெட்டினேன். கத்தி கன்னத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் வட்டமாகப் போய்விட்டது. சரி, லினோவில் அப்படித்தான் நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் புரூஃப் எடுத்ததும் காசிமாயன் அண்ணன், "ரெண்டு கன்னத்துலயும் மை தெறிச்சிருக்கு தம்பி" என்றார்.

"மை இல்லண்ணே. ஒண்ணு மச்சம், ஒண்ணு பொட்டு."

"அது உனக்குத் தெரியும். வாங்குறவுகளுக்கு எங்கன தெரியும்? மிஷின்காரன் மைய ஒழுக விட்டுட்டான்னு என்னையத்தேன் வைவாக."

இரண்டையும் செதுக்கி எடுத்தேன். அச்சான பக்கத்தை வீட்டுக்குக் கொண்டு போய் வேணியிடம் காட்டினேன்.

"இது யாருப்பா?"

"நீதேன் ஆத்தா."

"நான் இம்புட்டுக் குண்டா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பவளமும் சிரித்துவிட்டாள்.

புத்தகம் நன்றாகப் போனது. ஒரிஜினல் படங்களைப் பழுப்புத் தாளில் சுற்றி, பிரஸ்ஸில் டிரெடில் அச்சு மிஷினுக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். எங்கள் வீட்டு ஓடு மழைக்கு ஒழுகும். பிரஸ்ஸில் பேப்பர் நனையாது என்று நினைத்தேன்.

4. தந்தி

மறு வருஷம் நான் கல்கத்தாவில் இருந்தபோது வேணிக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். தந்தி சேட்டு கடைக்கு வந்தது. 'உடனே வரவும்' என்று மட்டும் இருந்தது. அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது தந்தி வாங்கிய எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல ரயில் ஏறினேன்.

ரயில் மாறி, மதுரையில் பஸ் பிடித்து வீடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னப் பிள்ளையைப் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். என் இடத்தில் நின்று காசிமாயன் அண்ணன்தான் அவளைக் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். குழியில் இறக்கியதும் அவர்தான்.

பவளம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டீகளா" என்றாள். பிறகு, "அந்தப் படத்தக் கொண்டாங்க. எனக்கு மொகம் பாக்கணும்" என்றாள்.

போட்டோ வேண்டாம் என்றவள் அவள்தான். அதை அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரஸ்ஸுக்கு நடந்தேன்.

5. பேக்கிங்

பலகையில் கட்டு இல்லை.

காசிமாயன் அண்ணன் என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.  பிறகு, "அண்ணே, மேல ஒரு கட்டு வச்சிருந்தேனே" என்றேன்.

"எது தம்பி?"

"தூக்கப் புத்தகத்துப் படம்."

"அதா? அதுதேன் பிளாக் வெட்டியாச்சே. அது வேலை முடிஞ்ச பேப்பராச்சே தம்பி."

எனக்கு விளங்கிவிட்டது. டிரெடிலில் தாள் உட்காரும் தட்டுக்கு அடியில் சில காகிதங்களைச் செருகி வைப்போம். அழுத்தம் எல்லா எழுத்திலும் ஒரே அளவாக விழுவதற்கு. பேக்கிங் என்று பெயர். தடிப்பான, மடிப்பில்லாத, கெட்டியான காகிதம் கிடைத்துவிட்டால் மிஷின்மேனுக்கு அன்று தீபாவளி. போடியில் அந்த மாதிரிக் காகிதத்துக்கு எங்கே போவது? பிளாக் வெட்டிய பிறகு படம் குப்பைதான் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். லேபிள் படங்களை நானே எத்தனையோ முறை அவரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"அருமையான பேப்பரு தம்பி. ஒரு வருசமா அதுலதேன் ஓட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். கடைசிப் பக்கத்தில் யார் படம் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

மிஷினைப் பிரித்தோம். நான்தான் தட்டைக் கழற்றினேன். லேபிள் அளவுக்கு வெட்டிய துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கான்பூர் ஆட்டுக்குட்டி வந்தது. தலை இல்லாத ரிக்ஷாப் பையன் வந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் பாயின் ஓரமும் கொலுசு போட்ட ஒரு பாதமும் வந்தன. பாதத்தின் மேல் யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையோ, எழுத்து எழுத்தாகக் குத்திப் பதிந்திருந்தது.

"மொகம் எங்கண்ணே?"

"தேஞ்சு போச்சுன்னு போன மாசம் மாத்துனேன் தம்பி. மை ரோலருக்குப் பசை காய்ச்சுற அடுப்புல போட்டு..." என்றவர், "இந்த மிஷினுக்குள்ளயே என் கையக் குடுத்துர்றேன் தம்பி" என்று தட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கையை நீட்டினார். இழுத்துப் பிடித்து உட்கார வைத்தேன். யாரைத் திட்டுவது? என் பிள்ளையை மண்ணுக்குள் வைத்தது அந்தக் கைதான். நான் செய்ய வேண்டியதைச் செய்த கை. கோபம் வந்தது. போய் நிற்க அதற்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த முதலாளி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "விசனப்படாத தம்பி. வரைஞ்ச கை இங்கனதேன இருக்கு? இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் அதை நம்பித்தான் வீட்டுக்குப் போனேன்.

6. லேபிள் பிள்ளை

பாதம் இருந்த துண்டைப் பவளம் வாங்கித் தன் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.  நான் தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

கன்னம் வட்டமாக வந்தது. கண்ணுக்கு இரண்டு வளைவு, வாய்க்கு ஒரு வளைவு. கிழித்துப் போட்டேன். மறுபடி போட்டேன், அதே முகம். பென்சிலை இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன், தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குள் அவள் இருந்தாள். கைக்கு வரும்போது ஏலக்காய் டப்பாவில் இருக்கிற பிள்ளையாக மாறிவிட்டாள். இத்தனை வருஷம் நான் பழக்கிய கை எனக்கே கட்டுப்படவில்லை.

நல்லதாகத் தெரிந்த ஒன்றைப் பவளத்திடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது லேபிள் பிள்ளைங்க. நம்ம பிள்ளை இல்ல."

பிறகு அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். நெற்றி இன்னும் கொஞ்சம் ஏறணும், மேல் உதடு இம்புட்டுத் தடிப்பு இல்ல, காது ஒட்டி இருக்கும். சில நாட்கள் உட்கார்ந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக யாரோ ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தது, வேணிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி. கடைசியில் வலது கன்னத்தில் மச்சத்தை வைத்தேன்.

"ஏங்க, மச்சம் அங்கனயா இருந்துச்சு? இடது கன்னத்துலல்ல?"

"இல்ல பவளம், வலதுதேன். இடதுல நீ பொட்டு வைப்ப."

"பொட்டு நான் வைக்கிறது வலதுல. மச்சம் இல்லாத பக்கந்தேன வைப்பேன்?"

"நான் வரைஞ்சவன். எனக்குத் தெரியாதா?"

"நான் பெத்தவ. தெனம் குளிப்பாட்டுனவ."

இப்படி ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் அவள் முகத்தில் கடைசியாக மிஞ்சிய நிச்சயம் அந்த மச்சம்தான். அதை யாரும் விட்டுக் கொடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டோம், அவர்கள் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். காசிமாயன் அண்ணனிடம் கேட்டதற்கு, "துணி மூடியிருந்துச்சு தம்பி. நான் மொகத்தப் பாக்கல" என்று அழுதார். எனக்கோ சந்தேகமே இல்லை. படத்தில் அந்த மச்சத்தின் இடம் அப்படியே கண்ணில் நின்றது. இரண்டு மாதிரியும் வரைந்து பவளத்திடம் காட்டுவேன். நன்றாகப் பார், நன்றாகப் பார் என்பேன். மாசக்கணக்கில் அப்படிச் செய்தேன். ஒருநாள் அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க படம் போடுறவுக. நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். படம் மட்டும் வரவில்லை.

இதற்கு நடுவில் புத்தகத்துக்குக் கிராக்கி இருந்தது. லினோ பிளாக் இருந்ததால் முதலாளி மறுபடியும் அடித்தார். நான்தான் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போய் வாசித்துக் காட்ட வேண்டும். ஜெயமங்கலத்தில் ஒரு வகுப்பில் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டியபோது முன் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"அய்யா, மத்த பிள்ளைகள்லாம் காலையில எந்திரிச்சிருமா?"

"எந்திரிச்சிரும்."

"இந்தப் பிள்ளை எப்ப எந்திரிக்கும்?"

வாத்தியார் சிரித்தார், வகுப்பே சிரித்தது.  பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தகப் பையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

7. கேட்கிறவர்களுக்கு

அதற்குப் பிறகும் பல வருஷம் பிள்ளைகளுக்கு எழுதினேன், வரைந்தேன், ஊர் சுற்றினேன். வேறு தொழில் தெரியாது. எல்லாப் புத்தகத்திலும் லேபிள் முகம்தான். குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது, அதில் பொய் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதிலும் பொய் இல்லை.

இப்போது இளம் ஓவியர்கள் வந்து, உங்கள் அனுபவத்தில் எங்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரிஜினலைப் பிரஸ்ஸில் வைக்காதீர்கள். வீட்டு ஓடு ஒழுகினால் ஓட்டை மாற்றுங்கள். உங்கள் கைக்கு ஒரு முகம் சுலபமாக வர ஆரம்பித்தால் பயப்படுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். கடைசியாகக் கற்றது ஒன்று உண்டு, அதைக் கற்று ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் ஆஃப்செட் வந்த பிறகும் எங்கள் பிரஸ்ஸில் லினோ கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோம்பை நாயைப் பற்றி ஒரு புத்தகம் செய்தேன். மாதிரிக்கு, ஊரில் என் தம்பி வளர்த்த நாயைத்தான் வரைந்தேன். அதற்கு ஒரு காது கிழிந்திருக்கும். பிளாக் வெட்டி முடித்து ஊருக்குப் போனபோது நாய் ஓடி வந்தது. கிழிந்த காதைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டினேன். அந்தக் காது முழுசாக இருந்தது. கிழிந்தது மறுபக்கக் காது. பத்து வருஷமாகத் தெரிந்த நாய். சில நாள் திருப்பிப் போட்டு வெட்டியதில் கண் மாறிவிட்டிருக்கிறது.

தம்பி மனைவி காப்பி கொண்டு வந்தாள். குடிக்காமல் பஸ் ஏறினேன்.

வேணியை ஒரு மத்தியானம்தான் வரைந்தேன். பல நாள் திருப்பி வைத்து வெட்டினேன். என் கண்ணில் நின்றது அவள் முகம் இல்லை, லினோவில் கிடந்த முகம். பவளம் சொன்னதுதான் சரி. மச்சம் இடது கன்னத்தில்தான் இருந்தது.

அப்போது பவளம் சர்க்கரை நோய் முற்றி, படுக்கையோடு இருந்தாள். உள்ளே போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுதேன் பவளம் சரி" என்றேன்.

"எது?"

"வேணி மச்சம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை நாங்கள் வீட்டில் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது.

"நான் எந்தப் பக்கம்ங்க சொன்னேன்?"

"இடதுன்னு சொன்ன. இடது கன்னம்."

கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தேடுகிறாள் என்று தெரிந்தது. அவளுக்காவது வந்துவிட வேண்டும் என்று நான் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு அந்தப் புக்குல உள்ள பிள்ளைதேங்க வருது" என்றாள். "அதுக்கு மச்சமே இல்லையே."